நொடி முள்

கோவையில் எங்கள் கிளப்புக்கு மூணு சீட்டு ஆட மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவர் வருவார். தன் முறை வரும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். பஸ்ஸுக்கு அவசரம் போலும் என்று நினைத்தேன். எவர் முகத்தையும் படித்துவிடும் எனக்கு, அவர் பந்தயத்தை ஏற்றுவது நல்ல சீட்டாலா, வெறும் பாவ்லாவா என்று மட்டும் பிடிபடவேயில்லை. ஒரு ஞாயிறு மதியம், மொத்தமாகத் தோற்ற எரிச்சலில் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, எப்பப் பாவ்லா காட்டறதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?"

"நான் எங்கீங்க பண்றேன்? சீட்டு மோசம்னா நொடி முள்ளைப் பாப்பனுங்க. பன்னண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருந்தா ஏத்திப்போடுவேன். இல்லீன்னா கவுத்திப்போடுவேன். எனக்கே தெரியாதது என் மூஞ்சில எப்படிங்க தெரியும்?"

"நல்ல சீட்டுக்கும் பாக்கறீங்களே?"

"பாக்காட்டி நீங்க கண்டுபுடிச்சுப்போடுவீங்களே!"

மதியம் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்திருந்த அந்த மனிதர், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "மணி என்னங்க ஆச்சு?"