நந்தவனத்துக் கதவு

1969 ஆகஸ்டு 27, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். தண்ணீர் இறைத்து, சவரம் செய்து, வீட்டு வாசல் இரும்புக் கதவின் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். புதன்கிழமை எண்ணெய் விடும் நாள். சோறு பொங்கித் தயிர் ஊற்றித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டேன். சித்திரையில் மனைவி இறந்தபின் மதியத்துக்கு அதுதான். அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறினேன்.

திருச்சுழி போகும் சாலையில் ஒரு பருத்தி வியாபாரி தன் தோட்டத்தில் தியானத்துக்கென்று நந்தவனம் அமைத்திருந்தார். போன ஐப்பசியில் அவருடைய ஒரே மகன் காய்ச்சலில் இறந்துவிட்டான். அவன் நினைவாகத்தான் அது. விளக்குத் தூண்களும் வாசல் கதவும் நான் வரைந்தவை. கொல்லர் என் படத்தைப் பட்டறைத் தரையில் கரியால் முழு அளவுக்குப் போட்டு, அதன்மேல் கம்பியை வைத்துப் பார்த்துப் பார்த்து அடித்தார். தாமரை மொட்டுகள் நன்றாகவே வந்திருந்தன. பார்த்தேன். சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. அளவு சரியாக இருந்தது.

கதவு சத்தமிடக் கூடாது என்பது மட்டும் என் பிடிவாதம். கண்மூடி இருப்பவர்களுக்கு இடைஞ்சல் அல்லவா? கீல்களுக்குள் பித்தளை வளையம் போடச் சொல்லியிருந்தேன். திறந்தாலும் மூடினாலும் ஓசையே இல்லை.

அன்று பையனின் தாயார் வேம்படியில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். ரெட்டியபட்டியிலிருந்து உறவுக்காரப் பெண்கள் இருவர் வந்து சற்று நேரம் அவரோடு இருந்தார்கள். பிறகு எழுந்து போய்விட்டார்கள். தலைத்திவசம் கழியாத துக்கம். துக்கம் நடந்த இடத்தில் "வாரேன்" என்று சொல்லிக்கொண்டு போகிற வழக்கமில்லை. அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இந்தக் கதவு சத்தம் போடுற மாதிரி செய்ய முடியுமா?"

ஏன் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லிட்டுப் போக மாட்டேங்காக. அவனும் நான் கண் அசந்த நேரத்துலதான் போனான். கதவாவது சொல்லட்டும்."

பட்டறைக்குப் போய்க் கொல்லரைக் கூட்டிவந்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கீலைத் தடவிப் பார்த்தார்.

"ஊர்ல எல்லாரும் சத்தத்த நிப்பாட்டத்தான் என்கிட்ட வருவாக. சத்தம் வேணும்னு வந்தது நீங்க ஒருத்தருதான் சார்."

இருவருமாகக் கதவைத் தூக்கி இறக்கினோம். அவர் பித்தளை வளையங்களைக் கழற்றி, எண்ணெயைச் சாம்பல் போட்டுத் துடைத்தார். திரும்ப மாட்டியதும் இரும்பும் இரும்பும் உரசின. அம்மாள் இரண்டு முறை திறந்து மூடச் சொன்னார். போதும் என்று தலையாட்டிவிட்டு, வேம்படிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

கொல்லர் கிளம்பினார். கதவு கிறீச்சிட்டது. சற்றுப் பொறுத்து நானும், வழக்கப்படி, சொல்லாமல் கிளம்பினேன். மறுபடி கிறீச்சிட்டது. அம்மாள் கண்ணைத் திறக்காமல், "சரி" என்றார்.

பஸ்ஸில் வரும்போது, சித்திரையிலிருந்து என் வீட்டுக்கு வருகிறவர்களும் சொல்லிக்கொள்ளாமல்தான் போகிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. வருத்தம் என்று சொல்ல முடியாது. ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். இரவு சாப்பிட்டுவிட்டு, நடந்ததை எழுதிவைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தேன். தண்ணீர் இறைப்பதற்கு முன்பே, அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போய், என் வீட்டு வாசல் கதவின் கீல்களில் இருந்த எண்ணெயைத் துடைத்தேன்.