வெள்ளைப் பூனைகளை மட்டும் சோதித்தவர்

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். நகரத்துச் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. சொன்ன பேச்சைக் கேட்பது மட்டும் ஜென்மத்துக்கும் வராது. கல்யாணமாகி வெளியூர் போகும்போது மகள் தன் வெள்ளைப் பூனை பஞ்சுவை அவர் மடியில்தான் விட்டாள். "அப்பா, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

மனுஷர் உடனே அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அரிசி மணி அளவு சிப் ஒன்றைக் கழுத்துத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றினார்கள். அந்தத் தைரியத்தில் கதவைத் திறந்தே போட்டார். நான் கத்தினால், "சிப்பு இருக்குடி, எங்க போனாலும் காட்டிக் குடுத்துடும்" என்பார். பூனை போயே போய்விட்டது.

மருத்துவரிடம் சண்டைக்கு நின்றார். "எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க!"

"சார், அது இடத்தைக் காட்டாது. ஸ்கேனரைக் கழுத்துக்கிட்ட கொண்டுபோனா 'பீப்'னு கத்தும், நம்பர் மட்டும்தான் வரும். பூனையை யாராவது பிடிச்சாத்தான் உண்டு."

மனுஷருக்கு முகம் தொங்கிப்போனது. மகள் போனில் கேட்கும்போதெல்லாம் "தூங்குதும்மா" என்று கூசாமல் புளுகினார். அவளோ அடுத்த மாதம் வருகிறாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று சோறு இறங்காமல் தவித்தார்.

மருத்துவரை நச்சரித்துப் பழைய ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கினார். வேலை முடிந்ததும் தெருத்தெருவாக அலைந்து, கண்ணில் பட்ட வெள்ளைப் பூனையின் கழுத்திலெல்லாம் வைத்துப் பார்த்தார். கை நிறையப் பிறாண்டல்தான் மிச்சம். பிள்ளைகள் "பீப் மாமா" என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன பீப்தான் வரவே இல்லை.

ஒரு நாள் பொறுக்காமல் நானும் கூடப் போனேன். பஸ் டெப்போவுக்குப் பக்கத்து மெக்கானிக் ஷெட்டில், காது கிழிந்த கரிக்கட்டைப் பூனை ஒன்று அவர் காலைச் சுற்றியது.

"ச்சூ! தினமும் இதே ரோதனை" என்று காலால் தள்ளினார்.

"அதையும்தான் பாருங்களேன்."

"கண்ணு தெரியலையா? நம்மது வெள்ளை."

"மெஷினுக்குக் கலர் தெரியுமா? வெச்சுப் பாத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

மெக்கானிக் சிரித்தார். "பாருங்க சார். ஏதோ ஒரு கார் என்ஜினுக்குள்ள உக்காந்து வந்துச்சு. அன்னைலேருந்து ஆயில் டின்னுங்க நடுவுலதான் குடித்தனம்."

வேண்டாவெறுப்பாக வைத்தார். பீப்!

அவர் திரையைப் பார்க்கவில்லை. ஸ்கேனரை என் கையில் திணித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பஞ்சுவின் சிப் எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் கல்யாண நாளை ஒரு வருஷமாவது நினைவு வைத்திருப்பாரா, பாவி மனுஷர்! அந்த நீள எண் மொத்தமும் மனப்பாடம். திரையோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதியிலேயே எனக்குக் கண்ணீர் மறைத்தது. "ஆமாங்க, இதுதாங்க" என்றேன்.

எண்ணெய்த் தரையிலேயே பொத்தென்று உட்கார்ந்து, பூனையை மார்போடு அணைத்துக்கொண்டார். சட்டையெல்லாம் கறுப்பு. அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டு, தொலைத்தது, புளுகியது எல்லாவற்றையும் கொட்டினார். அப்புறம் தேம்பினார்.

"அதுக்கு என்னைத் தெரிஞ்சிருக்கும்மா. தினமும் வந்து காலைச் சுத்திச்சு. எனக்குத்தான் அதைத் தெரியல."