பூஜ்யம் காட்டிய மீட்டர்

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் என்னை மீட்டர்காரர் என்பார்கள், என் மனைவியை விசிறிக்காரி என்பார்கள். வண்டிகளின் மின்சார வேலை எங்களுடையது. பழைய பெட்ரோல் டிராக்டரில், பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலுக்கு வரும் வோல்ட்டைப் பார்ப்பதென்றால், காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் பாயிண்டு திறந்திருக்கும்போது ஒரு தடவை, மூடியிருக்கும்போது ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்கு இஞ்சினைக் கையால் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அவள் முன்னால் நின்று ரேடியேட்டர் விசிறியின் இறக்கையைப் பிடித்துத் திருப்புவாள். நான் சொகுசாக நின்று எண் சொல்வேன். இருபது வருடமாக இதுதான் ஏற்பாடு. கெட்டிக்காரன் என்ற பேர் மட்டும் எனக்கு.

அன்று வந்த டிராக்டருக்கு என்னைவிட வயது அதிகம். தினமும் காலையில் பேட்டரி காலியாகிக் கிடக்கிறது என்று அதன் சொந்தக்காரர் புலம்பிவிட்டுப் போனார். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி மாட்டினேன். நாலைந்து தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தேன், இருமிவிட்டு நின்றது. சாவியை அணைத்தேன். அணைத்த பிறகும் காயிலுக்கு மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க, மீட்டரின் கறுப்பு வயரைப் பக்கத்திலிருந்த ஒரு தகட்டில் கவ்வவிட்டு, சிவப்பு முனையைக் காயிலில் வைத்தேன். பூஜ்யம்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றாமல் விசிறியைத் தொடாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். அன்று சோம்பல். மின்சாரமே இல்லை, திருப்பு என்று சொல்லிவிட்டேன்.

அவள் திருப்பினாள். இஞ்சின் படாரென்று வெடித்தது. விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

அவள் வலது கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். பேட்டரி வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவள் அருகில் ஓடினேன். காட்டு என்றேன், காட்டவில்லை. விரல்களுக்கு நடுவே ரத்தம் கசிந்தது. உள்ளே எத்தனை விரல் மிச்சமோ என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. மூடிய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். ஐந்தும் இருந்தன. இரண்டு விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது, ஒரு நகம் பாதி பெயர்ந்திருந்தது. அழுதது நான்தான்.

கட்டுப் போட்டு முடித்ததும் அவளே பேட்டரி வயரை மாட்டச் சொன்னாள். கறுப்பு முனையை நேராகப் பேட்டரியின் மைனஸிலும் சிவப்பை மறுபடி காயிலிலும் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டரை வோல்ட். நான் முதலில் கவ்வவிட்ட தகட்டில் கெட்டியாகப் பெயிண்ட் அடித்திருந்தது, அது தடுத்ததால் மீட்டர் எதையும் அளக்கவே இல்லை. சாவி சுவிட்சோ உள்ளே ஒட்டிக்கொண்டு, அணைத்தாலும் அணையாமல் இருந்தது.

சுவிட்சை மாற்றினேன், பிளக்குகளையும் கழற்றினேன். அவள் மீட்டரைக் கட்டுப் போடாத கையில் எடுத்துக்கொண்டாள். நான் விசிறிக்குப் போனேன். இறக்கையைப் பிடித்தேன். பிளக் இல்லாத இஞ்சின் வெடிக்காது என்று புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. கை நகர மறுத்தது.

“பூஜ்யம். திருப்புங்க,” என்றாள்.

“நல்லாப் பாத்தியா?”

அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் ஒரு நாளாவது உங்கள அப்படிக் கேட்டிருக்கேனா?”