மையித்தில்லாத தொழுகை

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்து ஒரு வாரம். கூரை பறந்த எங்கள் கல்முனைப் பள்ளிவாசலில் சனம் தேம்பியழுதது. தோணியில் போன நால்வரைக் கரையெல்லாம் தேடியும் காணவில்லை. ஆறுதலாக இருக்கட்டுமென்று, இமாமான நான், மையித்து, அந்த உடல்கள், கிடைக்காமலே அவர்களுக்கு இறந்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகை நடத்திவிட்டேன்.

வெளியே வந்தால், அந்த நால்வரில் ஒருவரின் மனைவி வாசலில் நிற்கிறாள்.

"சபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க, தங்கச்சி," என்றேன்.

"மௌலவி, அவர் மௌத்தெண்டு ஆர் சொன்ன? காலையிலயும் எல்லாரும் தேடினாங்க. நீங்க தொழுவிச்ச உடன ஊட்டுக்குப் போயிட்டாங்க. இனி ஆர் தேடுற?"

பொழுது சாயும் மஃரிப்வரை கரையோரமாகத் தனியே நடந்து தேடினேன். ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

அவள் விதவைகள் வீட்டில் தனித்திருக்கும் இத்தா இருக்கவேயில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அந்தத் தொழுகையில் ஆறுதலடைந்தவர்கள், தேடிக் களைத்துப்போன நாங்கள் மட்டும்தான்.