தாஹிர் நானா எழுதாத கதை

பதினேழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த தாஹிர் நானா போன செவ்வாய்க்கிழமை காலமானார். செய்தி எனக்கு மறுநாள் பஸ் நிலையத்தில் கிடைத்தது. பஸ்களுக்கு நேரம் குறிப்பவர், குறிப்புப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "மாஸ்டர், உங்க கூட்டாளி போயிட்டாருங்களே, தெரியாதா?" என்றார். காலையில் மரணம், மாலைக்குள் அடக்கமும் முடிந்துவிட்டதாம். அந்த நேரத்தில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன். அழுகை வரவில்லை. பசறை பஸ்ஸில் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை துக்கம் விசாரிக்கப் போனேன். அவருடைய தம்பி ஓர் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார். நானாவின் பெயருக்குக் கீழே, "'லொறி' என்ற சிறந்த சிறுகதையின் ஆசிரியர்" என்று போட்டிருந்தது.

"பேப்பருக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மாஸ்டர். நீங்கதானே அவரோட கூட இருந்து எழுதினவங்க. 'லொறி'யப் பத்தி மறக்காம எழுதுங்க" என்றார்.

'லொறி' கதையை எழுதியவன் நான்.

அறுபதுகளின் பிற்பகுதியில் எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. நான் பதுளைக்கும் பசறைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியன். படித்திருந்தேன், அந்தப் படிப்புக்கேற்ற மரியாதை கிடைக்கவில்லை என்ற கோபமும் நிறைய இருந்தது. நானா எட்டாம் வகுப்போடு கடைக்கு வந்தவர். இருவருக்கும் ஒரே வயது. அண்ணன் என்ற பொருளில் அவரை ஊரே நானா என்றது, நானும் அப்படியே அழைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தால் அவர் நாலு மணிவரை கடை திறக்கமாட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து வந்துவிடுவேன். பாதி இறக்கிய கதவுக்குப் பின்னால், துணிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதியதை வாசித்துக்காட்டிக்கொள்வோம்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. வாரத்துக்கு ஒரு பக்கமாவது எழுதிக்கொண்டு வர வேண்டும். வெறுங்கையோடு வருபவர் மற்றவர் எழுதியதை, பத்திரிகைக்கு அனுப்பும்படி, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நகல் எடுக்க வேண்டும். அநேகமாக வெறுங்கையோடு வந்தவன் நான்தான். அவருக்கு எழுத இடமும் நேரமும் தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பெட்டி அட்டையில் இரண்டு வரி கிறுக்கிவிடுவார்.

"எழுத மனசு வரல நானா" என்று ஒருமுறை சொன்னேன்.

"மனசு வந்தா ஆக்கள் கடைக்கு வாறாங்க? சும்மா ஏறி வாறாங்க. துணியத் தொட்டுப் பாக்கிறாங்க. தொட்ட பொறகுதான் மனசு வாறது. நீங்க பேனையத் தொடுங்களே."

"உங்களுக்குச் சுலபமா வருது."

"உங்களுக்குக் கோவம் வந்தா எழுத வருது. எனக்குச் சாப்பிட்டா எழுத வருது. எது வந்தா என்ன மாஸ்டர், பக்கம் வந்தாச் சரி."

அவர் சொன்னது உண்மை. பிறத்தியான் எழுதியதைக் கை வலிக்க நகல் எடுக்கும்போது ஏற்படும் எரிச்சல்தான் அடுத்த வாரம் என்னை எழுத வைத்தது. அவருடைய கதைகளில் நல்ல வரிகள் வந்தால் எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில்தான் நான் எழுத்தாளனாக இருந்தேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாகக்கூட இல்லை.

அந்தக் கோபத்தில் வந்ததுதான் 'லொறி'. எங்கள் தோட்டத்தில் பிரசவ வேதனையில் துடித்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி இல்லை. லொறி துரையின் நாயை வைத்தியரிடம் கூட்டிப்போயிருந்தது. கம்பளியில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் பாதி வழியில் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே வாரத்தில் எழுதி முடித்தேன். அந்த வெள்ளிக்கிழமை நானாவிடம் பக்கம் இல்லை. சட்டப்படி அவர் நகல் எடுத்தார். எடுத்து முடித்ததும் தாள்களை ஒழுங்காக அடுக்கினார். பிறகு, "அனுப்புவோமா?" என்றார்.

"என் பேர் வேணாம் நானா. துரை என்னைக் குவாட்டஸ்ல இருந்து வெளியில போட்டுருவான்."

"அப்ப வேற பேர் ஒன்டு சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்."

நான் யோசித்துச் சொல்லவில்லை. அவர் ஒரு வாரம் பார்த்துவிட்டு, எழுதியவர் பெயர் வேண்டாம் என்று குறிப்பு எழுதி, குறிப்புக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார். கதை ஞாயிறு இதழில் வந்தது. குறிப்பும் கதையும் ஒரே கையெழுத்தில் இருந்ததால் பத்திரிகைக்காரர்கள் இவரே அடக்கத்தில் ஒளிகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, தலைப்புக்குக் கீழே அவருடைய பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள்.

துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பெரிய கிளாக்கர் வாசித்து அர்த்தம் சொன்னார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் தோட்டத்துச் சனம் தீபாவளித் துணிக்கு வழக்கமாகப் போவது நானாவின் கடைக்குத்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்துப் பெரிய கங்காணி சொன்னார்: "அந்தத் தாஹிர் காக்கா கடையில எவனாச்சும் துணி எடுத்தீங்க, லயத்து வீட்டுல இருக்கமாட்டீங்க. சொல்லிப்புட்டேன்." ஒருவரும் போகவில்லை. பக்கத்துத் தோட்டங்களும் போகவில்லை.

நானும் போகவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எதிர்ச்சாரியில் வேறொரு கடையில் சட்டைத் துணி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நானா ஆளில்லாத கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்சலையும் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது, "அந்தக் கடைத் துணி சாயம் போகும் மாஸ்டர். தனியாத் தொவைக்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். தோட்டத்து ஆள் யாரோ என்ற சந்தேகத்தில், உண்மையில் யார் எழுதினது என்று துரையின் ஆள் இரண்டு தடவை வந்து கேட்டதாகப் பிற்பாடு அவருடைய தம்பி மூலம் தெரிந்தது. இரண்டு தடவையும், "பேப்பர்ல பேர் இரிக்கிதானே, வாசிக்கத் தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

இதற்குப் பிறகு நான் அவரை வெறுத்தேன் என்றால் நம்புவீர்களா? பாராட்டுக் கடிதங்கள் அவருக்கு வந்தன. பண்டாரவளையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இந்தக் கதையை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "பயந்து பயந்து எழுதின கதை இது. பயந்தவனுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார். கை தட்டினார்கள். என்னைக் குத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அது குத்தல் இல்லை என்று இன்றைக்குத் தோன்றுகிறது, ஆனால் நிச்சயமாகத் தெரியாது. அதோடு வெள்ளிக்கிழமைகள் நின்றன. நான் எழுதினால் பெயர் யாருக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டு எழுதுவதையும் நிறுத்தினேன். எழுதாமல் இருக்க அதைவிட வசதியான காரணம் கிடைத்திருக்காது.

தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறி அந்தத் துரை போன பிறகு, ஒருநாள் நானா பள்ளிக்கூடத்துக்கே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. பிள்ளைகள் உட்காரும் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

"இனிப் பயமில்லையே மாஸ்டர். பேப்பருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்."

"எனக்கு வேணாம். இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க, நீங்களே வச்சுக்கங்க."

"அது நான் தூக்கிக்கொண்டு திரியிற உங்கட மூட்டை. என்ட சரக்கில்ல" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வாசல்வரை போய்த் திரும்பினார். "சரி, அது கிடக்கட்டும். வேற ஒன்டு எழுதுங்க. அதுக்காவது உங்கட பேரப் போடுங்க."

நான் எழுதவில்லை. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய கதைகளில் ஐந்தாறுதான் அச்சில் வந்திருக்கும், அவற்றில் ஒன்றையும் ஊருக்கு ஞாபகமில்லை. அவை நல்ல கதைகள். அவற்றில் பலவற்றை நகல் எடுத்த கை இது, அதனால் சொல்கிறேன். வாசிக்கக் கிடைத்தால் வாசியுங்கள். அவருக்குச் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுதான். 'லொறி'க்காக அவரைப் புகழாதீர்கள். அதை அவர் எழுதவில்லை, எழுதியவன் ஒளிந்துகொண்டபோது அதற்கு முன்னால் நின்றார்.

கடைசியாக அவரைப் பார்த்தது இரண்டு மாதத்துக்கு முன்பு, பஸ் ஜன்னலிலிருந்து. கடை வாசலில் ஒரு பெண் சேலை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அட்டையை முழங்கையால் அழுத்திக்கொண்டு குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

போய் வாருங்கள் நானா. பதினேழு வருஷத்துக்குப் பிறகு பக்கம் வந்திருக்கிறது. நீங்கள் கேட்ட அந்த வேறொன்று இதுதான். இதற்கு என் பெயரைப் போடச் சொன்னீர்கள். அடியில் எழுதியும் பார்த்தேன். துரை இல்லை, கங்காணியும் இல்லை, பயமும் இல்லை. ஆனால் பெயரைப் போட்டதும் உங்களுக்கு எழுதியது எனக்கு எழுதியதாக மாறிவிட்டது. விலை கொடுக்க வேண்டிய அன்றைக்கு ஒளிந்த பெயர், இன்றைக்கு வந்து நிற்பதில் மரியாதை இல்லை. கடைசித் தாளை மட்டும் திரும்ப நகல் எடுத்திருக்கிறேன், பெயர் இல்லாமல். நாளைக்கு அப்படியே பத்திரிகைக்குத் தபாலில் போட்டுவிடுவேன்.