மீன் மாட்டாத நாள்

பெண்கள் கூடவே வந்தால் மீன் மாட்டாது என்று நம்பியவன் நான். அன்று ரப்பர் தோட்டத்தில் எங்கள் இருவருக்கும் லீவு. நான் தூண்டிலோடு கித்துல்கல ஆற்றுக்குக் கிளம்ப, மனைவி செல்வியும் வந்தாள். மலையில் மழை பெய்திருந்ததால் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. மாலைவரை ஒரு மீன்கூட மாட்டவில்லை.

"உன்ன கூட்டிட்டு வந்ததுதான் பிழை" என்று எரிந்து விழுந்தேன்.

பாறையில் சிக்கிய தூண்டிலை எடுக்க இறங்கினேன். கால் வழுக்கியது. நீச்சல் தெரியாத என்னை ஆறு இழுத்துக்கொண்டு போனது. மூச்சு முட்டிய நேரத்தில் ஒரு கை என் சட்டையைப் பிடித்தது. செல்வி! நீந்தியே என்னைக் கரை சேர்த்தாள்.

"உனக்கு நீந்தத் தெரியுமா?" என்றேன் நடுங்கியபடி.

"தெஹியோவிட்டயில எங்க அம்மா வீடு ஆத்தோரந்தானே. கல்யாணமாகி பதினோரு வருசமாச்சு, நீங்க ஒரு நாளும் கேக்கலையே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு அண்ணன், "எங்கடா மீனு?" என்று கேட்டார். அவள் கையைப் பிடித்து நிறுத்தி, நான் கத்தியதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். லயமே கூடிவிட்டது. செல்வி கூச்சப்பட்டு உள்ளே ஓடினாள்.

மீன் நிறையப் பிடித்த நாட்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அன்றுபோல் தலை நிமிர்ந்து நான் வீடு திரும்பியதே இல்லை.