வாயைத் திறக்கிற பரீட்சை

ஜப்பான் மொழியை மேல் வகுப்புவரை படிக்கிறவளுக்கு மூளைக்கு முன்னால் முதுகுதான் தேய்கிறது: குனிந்து எழுதி, குனிந்து வணங்கி, வீட்டுக்கு வந்தால் குனிந்து பிள்ளையைத் தூக்கி. இடுப்பில் குழந்தையும் கையில் கொப்பியுமாக எதையாவது படிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வெறுமையாக விட்ட பெட்டி

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் விட்டவள். ஆலங்குடாவில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை கிடைத்தது. காற்றுக் காலத்தில் பட்டம் கட்டிக் கடலில் பலகை ஓட்ட வருகிறவர்களோடு ஒரு ஜப்பான்காரப் பெண் வந்து மூன்று மாதம் தங்கினாள். முதல் எழுத்துகளைக் காட்டித் தந்தது அவள்தான். மிச்சத்தை ஐந்து வருஷம் போனில் படித்தேன். எழுத்துப் பரீட்சை ஒவ்வொன்றாகப் பாஸ் பண்ணினேன். வாய்தான் வராது. எனக்கு நாலு பேருக்கு முன்னால் தமிழே வராது.

ஒரு பல்கலைக்கழகம் சனிக்கிழமைகளில் மேல்நிலை வகுப்பு நடத்துகிறது, அந்தச் சான்றிதழ்கள் இருந்தால் போதும் என்றார்கள். போனேன். விண்ணப்பத்தில் உயர்தரப் பாடங்கள் எழுதுகிற பெட்டியை வெறுமையாக விட்டிருந்தேன். அலுவலகத்திலிருந்த சிங்கள ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தங்கச்சி என்று தன் மொழியில் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "நங்கி, ஏ லெவல் இல்ல, ஓ லெவலும் இல்ல, ஜப்பான் மட்டும் இருக்கு. இது என்ன மாதிரிப் படிப்பு?"

கருவாட்டு வாடியில்

என் கணவர் போட்டில் விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. எனக்கு இரண்டு வழி இருந்தது. ஜப்பானில் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலைக்கு மூன்று வருஷம் போகலாம். அப்படியென்றால் நாலு வயது மகள் ஹனாவை விட்டுவிட்டுப் போகவேண்டும். இல்லையென்றால் இந்த மேல்நிலைச் சான்றிதழை எடுத்து, புத்தளத்தில் ஒரு மொழி வகுப்பில் படிப்பித்துக்கொண்டு பின்னேரம் வீட்டுக்கு வரலாம். எனக்கு இரண்டாவது வழிதான் வேண்டும்.

கிழமை நாட்களில் கருவாட்டு வாடியில் வேலை. மீனைப் பிளந்து வரிசையாகக் காயப்போட்டு, பந்தல் கம்பிலே நான் எழுதிய அட்டைகளைக் கிளிப் போட்டு மாட்டிவிடுவேன். மீனைப் புரட்டப் போகிறபோது ஒரு எழுத்து, திரும்பி வருகிறபோது ஒரு எழுத்து. பக்கத்தில் வேலை செய்கிற ஜெஸீமா ராத்தா கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்தா. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டா: "என்னடி புள்ள, கருவாட்டுக்கும் பாஸ்போட் எடுக்கிறியா?"

பொம்மையைக் குளிப்பாட்டியது

வகுப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் தவணையில் முதியோர் பராமரிப்பைப் பற்றி நீண்ட பாடம் ஒன்று. வாசித்து முடிந்ததும் எங்கள் ஜப்பான் ஆசிரியை ஒரு பெரிய பொம்மையை மேசையில் கிடத்தி, இவர் நோயாளி, மரியாதை மொழியில் கதைத்துக் கதைத்துக் குளிப்பாட்டுங்கள் என்றார். பட்டதாரிப் பிள்ளைகள் நன்றாகக் கதைத்தார்கள். ஆனால் துணி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்.

என் முறை வந்தது. எங்கள் ஊரில் பெண்கள் இறந்தால் மையித்தைக் குளிப்பாட்ட மாமியோடு நானும் போவேன். கை தானாக ஓடியது. மேலே ஒரு துணியைப் போர்த்தி, அதற்குக் கீழே கையை விட்டு, வலது பக்கம் முதலில், பிறகு இடது பக்கம். ஓரிடமும் வெளியே தெரியவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. ஆசிரியை எங்கே பழகினீர்கள் என்று கேட்டார், சொன்னேன். அவர் பொம்மையின் நெற்றியில் கையை வைத்துச் சொன்னார்: "இவ்வளவு மரியாதையை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார், அவரோடு கதையுங்கள்."

முதல் தடவை

கடைசிப் பரீட்சை வாய்மொழி. மூன்று பேருக்கு முன்னால், நமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசி, கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். நான் மையித்துக் குளிப்பாட்டுவதை எடுத்தேன். தண்ணீர், கற்பூரம், உடலைச் சுற்றுகிற கபன் துணி என்று மனப்பாடமாக வைத்திருந்ததை ஒப்புவித்தேன்.

நடுவில் இருந்த வயதான ஜப்பானியப் பேராசிரியர் மெதுவாகக் கேட்டார், முதலில் யாரைக் குளிப்பாட்டினீர்கள் என்று. என் உம்மாவை என்றேன். அப்போது கண்டதில் மறக்க முடியாதது எது என்றார். குளிப்பாட்டுகிறவள் அங்கே கண்டதை வெளியே சொல்லக்கூடாது. அது எங்களுக்குக் கட்டாயம். அந்தக் கட்டாயத்தையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் பூட்டிக்கொண்டது. குனிந்து நின்றேன். அவர்களும் காத்திருந்தார்கள். மணி அடித்தது.

பெயில். வெளியே வந்து ஆசிரியை என் தோளைப் பிடித்துக்கொண்டார்: "நீங்கள் சொல்லாதது எங்களுக்கு விளங்கியது, ஆனால் விளங்கியதற்கு மார்க்ஸ் போட இடமில்லை."

மாமி

அந்தப் பரீட்சைக்கு இன்னும் ஒரு தடவைதான் போகலாம். அதிலும் பெயிலானால் வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்குப் பாஸ்போட்டைக் கொடுக்கவேண்டியதுதான். கணவர் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் மாமியிடம் கேட்டேன், அங்கே இருக்கிறவர்களுக்கு உம்மாவைத் தெரியாது, ஊரைத் தெரியாது, வேறு பாஷையில் ஏதாவது கொஞ்சம் சொன்னால் என்ன என்று. மாமி பாணைப் பிய்த்து ஹனாவுக்கு ஊட்டிக்கொண்டே சொன்னா: "ஏன், ஜப்பான் பாஷ அல்லாஹ்வுக்கு விளங்காதா?"

இரண்டாம் தடவை

வகுப்பில் எல்லோரும் தலைப்பை மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. அதே மூன்று பேர். அதே பேராசிரியர் வேறு சொற்களில் அதே கேள்விக்கு வந்தார்.

இந்தத் தடவை நிமிர்ந்தேன். அவர்களுடைய மொழியில் ஆக உயர்ந்த மரியாதைச் சொற்களை எடுத்துச் சொன்னேன்: இறந்தவர் தன் உடம்பை எங்களிடம் நம்பித் தருகிறார். அவருக்கு எழும்பி வந்து இதைச் சொல்லாதே என்று சொல்ல முடியாது. அதனால் அவருக்காக நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். என் உம்மாவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் அதை உங்களுக்குத் தரமாட்டேன், தயவுசெய்து மன்னிக்கவேண்டும். இவ்வளவையும் எங்கேயும் நிற்காமல் சொன்னேன்.

மூன்று பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள். பேராசிரியர் எழும்பி நின்று, என்னைவிடக் கீழே குனிந்தார்: "இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மன்னிக்கவேண்டியது நீங்கள்."

பாஸ் பண்ணிவிட்டேன், இப்போது புத்தளத்தில் பதினொரு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இத்தனை வருஷம் முதுகு நோகப் படித்து நான் ஜப்பான் மொழியில் தெளிவாகச் சொல்லக் கற்றது, சொல்லமாட்டேன் என்பதைத்தான்.